கப்பா, கத்தியா?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நானும் என் மகளும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி தேவலையா?

கையில் போனை வைத்துக்கொண்டு இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். காரணம் அம்மாதான். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என் போனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்பீக்கரில் போடாவிட்டால் அவளுக்குக் காது கேட்காது. போட்டால் மாடி வீட்டுக்கும் கேட்கும். நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியக்கூடாது.

பிரசவக் கதையைப் போனில் பாதிதான் சொன்னேன். காலையிலிருந்து முக்கியும் தலை பாதி வழியில் நின்றுவிட்டது. நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். என் காலுக்கடியில் எப்போதும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அன்றைக்கு எங்கே மிதித்தாலும் பிரேக் இல்லை. டாக்டர் குனிந்து, "பாப்பாவோட இதயத்துடிப்பு குறையுது. தலையில கப் வச்சு இழுக்கலாம், இல்லன்னா ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிடலாம். சீக்கிரம் சொல்லும்மா" என்றார். நான் "கப்பு, கப்பு" என்று கத்தினேன். இரண்டாவது இழுப்பில் வந்துவிட்டாள். கப் வைத்த இடம் புடைத்து, முடி வாரிக் கொண்டை போட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அவளைக் 'கொண்டை' என்றுதான் கூப்பிடுகிறார்.

மறுநாள் ஓர் இளம் டாக்டர் வந்தார். பிறந்த குழந்தைகளின் தலையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். கத்தியில் பிறந்தது, கப்பில் பிறந்தது, தானாகப் பிறந்தது எல்லாமே வேண்டுமாம். தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். படத்தில் பின்மண்டையில், எலும்புக்கும் மூளைக்கும் நடுவே, மெல்லிய கோடாக ரத்தம் தெரிகிறதாம். "தானா கரைஞ்சிடும், மூணு மாசம் கழிச்சு வாங்க, இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விஷயம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்கா, நீ தினமும் பச்சைக் குழந்தைகளின் தலையை ஸ்கேன் செய்கிறவள். அன்று நான் கத்தி என்று சொல்லியிருந்தால் இது வந்திருக்காதா? ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்.

உன்
வாலு

*

பிப்ரவரி 20

அன்பு வாலுக்கு,

முதலில் பதில், பிறகு நலம் விசாரிப்பு. பயப்படாதே.

குழந்தையின் மண்டை ஒரே ஓடு இல்லை, துண்டு துண்டான எலும்பு. வெளியே வரும்போது அந்தத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். அப்போது நூல் போன்ற ரத்தக்குழாய் ஒன்றிரண்டு கசிவது உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியிலும் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளைப் படம் எடுத்துப் பார்த்தோம். கீழ் வழியாகப் பிறந்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு உன் மகளுக்கு இருப்பதுபோல ஒரு கோடு இருந்தது. கப்போ இடுக்கியோ போட்டதில் இன்னும் கொஞ்சம் அதிகம். வலி எடுக்கும் முன்பே வயிற்றைத் திறந்து எடுத்தவற்றில் அபூர்வம். நீ கேட்ட உள்ளது இதுதான்.

ஆனால் அந்தக் கோடு வேறு, கெடுதல் வேறு. எல்லாம் கரைந்துபோயின. அந்தப் பிள்ளைகள் இன்று ஓடுகின்றன, கடிக்கின்றன. முன்காலத்தில் இது இல்லாமல் இல்லை, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாம் பிறந்தபோது நம் மண்டைக்குள் என்ன இருந்ததோ? உனக்குக் கட்டாயம் ஏதோ இருந்திருக்கும், உன்னோடு வளர்ந்தவள் சொல்கிறேன்.

இன்னொன்று. தலை அவ்வளவு கீழே இறங்கி மாட்டிக்கொண்ட பிறகு வயிற்றைத் திறந்தால், அதைத் திரும்ப மேலே இழுக்கவேண்டும். அதுவும் இழுப்புதான். கத்தி என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்போம் என்று நினைக்காதே. அந்த நேரத்துக்கு நீ சொன்னது சரி.

பொல்லாத ரத்தக்கசிவும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். அது வந்த பிள்ளை பாலை உதறும், எழுப்பினாலும் கண் திறக்காது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஓடு. இல்லையென்றால் தூங்கு.

இங்கே எல்லோரும் சுகம். கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் கொஞ்ச நாளாக எனக்குக் குமட்டுகிறது. மாமா எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்
அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், குமட்டல்காரி நலமா? கேன்டீனை விட்டுவிட்டு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோ. சொன்னால் கேட்கமாட்டாய்.

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். படித்தால் அரைநாள் தாங்குகிறது, பிறகு மறுபடி எடுக்கிறேன். கொண்டை நன்றாகக் குடிக்கிறாள். தலையிலிருந்த கொண்டை வற்றிவிட்டது, பெயர்தான் வற்றவில்லை. ஆனாலும் அவள் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் நீ எழுதிய 'கண் திறக்காது' நினைவுக்கு வருகிறது. உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பிவிடுகிறேன். அம்மா திட்டுகிறாள்: "தூங்குற புள்ளையை எழுப்புறவ உலகத்திலேயே நீ ஒருத்திதான்டி!"

மே மாதத் தொடக்கத்தில் அடுத்த படம். நீ வரவேண்டும். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், நீ உன் கண்ணால் பார்த்து 'இல்லை' என்று சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும். வருகிறாய்தானே?

உன்
வாலு

*

ஏப்ரல் 4

அன்பு வாலுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

மேயில் வர முடியாது. லீவு கிடைக்காது. என்னை ஸ்கேன் அறையிலிருந்து மாற்றி, உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் வேலையில் போட்டிருக்கிறார்கள். பயணமும் இப்போதைக்கு வேண்டாம் என்று பார்க்கிறேன். நீ குறித்த நாளில் போய் எடுத்துவிடு, நான் இல்லையென்று தள்ளிப்போடாதே.

கொண்டைக்கு முத்தம். அவள் போட்டோவை இப்போதைக்கு அனுப்பாதே. வேலை நேரத்தில் பார்க்க முடிவதில்லை.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தானே தெரியும்?

போட்டோ அனுப்பாதே என்றாயே, அது சுருக்கென்று தைத்தது. உனக்கு இரண்டு தடவை கலைந்ததும், என் மகளைப் பார்த்தால் அந்த வலி கிளறும் என்பதும் எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது காரணமென்றால் சொல், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேறு ஏதோ இருக்கிறது என்று என் மனது அடித்துக்கொள்கிறது. என் மகளைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்டு, அதைச் சொல்லாமலிருக்கத்தான் விலகிப் போகிறாயா?

ஒரே ஒரு கேள்வி, நேராகப் பதில் சொல். அந்தக் கட்டிலில் எனக்குப் பதில் நீ படுத்திருந்து, கப்பா கத்தியா என்று கேட்டிருந்தால், இத்தனை தலைகளைப் பார்த்த நீ என்ன சொல்லியிருப்பாய்?

வாலு

*

மே 22

அக்கா,

நீ பதில் எழுதவில்லை. பதில் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

படம் எடுக்கும் நாள் வந்தது. நான் போகவில்லை. "போய் எடுத்துடலாமே" என்று அவர் கெஞ்சினார். எனக்குத்தான் கால் வரவில்லை. கொண்டை சிரிக்கிறாள், என் குரலுக்குத் திரும்புகிறாள். இன்னொரு படம் எடுத்து, அதில் இன்னொரு கோடு தெரிந்தால் நான் எங்கே போவேன்? தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாய். என்னிடம் கொடுக்கச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வருவதில்லை.

வாலு

*

ஜூன் 3

அன்புள்ள மச்சினிக்கு,

மாமா எழுதுகிறேன். நலம். குழந்தை, சகலை, அத்தை எல்லோரும் நலமா? நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், எழுத்து எனக்கு வராத வேலை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடைசிக் கடிதத்தை அக்கா படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உன் அக்கா ஆறு மாதம். இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் போய்விடும் என்று என் வாயைக் கட்டிவிட்டாள். அத்தைக்குக்கூடத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் இடத்துப் பெண்கள்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் படுக்கவைத்து வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பார்களாம். வாரத்தில் ஒரு நாளாவது பார்க்காவிட்டால் இவளுக்கு இருப்புக் கொள்ளாது.

இன்னொரு நல்ல சேதி. ஆபரேஷன் தேதியும் குறித்தாயிற்று, செப்டம்பர் 12. வலி வரும் முன்பே எடுத்துவிட வேண்டும் என்று இவளே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிட்டாள். கப், இடுக்கி என்று எந்தத் தொந்தரவும் இல்லை பார்.

உன்னைப் பற்றி நினைக்காத நாளில்லை. கொண்டையின் போட்டோவை அத்தை அனுப்பினால், பார்க்காமல் என் போனுக்குத் தள்ளிவிடுவாள். பிறகு என் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பெண்கள் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

இப்படிக்கு
மாமா

*

ஜூன் 9

அக்கா,

மாமாவைத் திட்டாதே. அவர் வாயைக் கட்ட நினைத்தது உன் தப்பு.

படித்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அம்மாவுக்குக் கேட்கக்கூடாதே என்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறு மாதம்! உன் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

பிறகு மாமா எழுதிய அடுத்த வரியைப் படித்தேன். சந்தோஷமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது.

கோடு வேறு கெடுதல் வேறு என்று எழுதினாயே, அது நிஜமென்றால் உனக்கு எதற்குக் கத்தி? நாலில் ஒன்றுக்கு இருக்கிறது, எல்லாம் கரைந்துவிடும் என்றாயே, உன் பிள்ளைக்கு மட்டும் கரையாதா? ஊருக்குத்தான் உபதேசமா? என் தலையணை உறைக்குள் இருப்பது எனக்காக எழுதிய பொய் என்றால் இப்போதே சொல்லிவிடு. என் மகள் விஷயத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது அந்த ஒரு கடிதம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்திலும் அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

வாலு

*

ஜூன் 18

என் வாலுக்கு,

நான் சுகம். உள்ளே இருப்பது உதைக்கிறது. உன்னைப்போல் ஒரு வாலு என்று நினைக்கிறேன்.

உனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. உன் மகளைப் பற்றி நீ எழுதியதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. இதை எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஊருக்குத்தான் உபதேசமா என்றாய். ஆமாம், அப்படித்தான் ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் உச்சிக்குழியில் கருவியை வைத்துப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருந்தவற்றில் ஒரு முகம்கூட ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது பிழைக்காமல் போன மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று கத்தியில் பிறந்ததுதான், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? நாலில் ஒன்று, நூறில் ஒன்று என்பதெல்லாம் அடுத்தவர் பிள்ளைக்குச் சொல்லும்போது தெம்பாக வருகிறது. இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு அந்தக் கணக்கு காதில் ஏறவில்லை. குறித்த நாளில், தெரிந்த கைகளில், வெளிச்சத்தில் எடுத்துக் கொடுத்துவிடட்டும் என்று இருக்கிறது. எனக்குப் பயம், வாலு. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க கேக்குறீங்க, செய்றேன். ஆனா குழந்தைக்காகன்னு எழுதமாட்டேன். உங்களுக்காகன்னுதான் எழுதுவேன். அறுவையிலயும் மூச்சுத் தொந்தரவு, அது இதுன்னு வரும். சம்மதமா?" வெட்கமாகத்தான் இருந்தது. சம்மதம் என்றேன்.

நீ கேட்டாயே, அந்தக் கட்டிலில் நான் இருந்தால் என்று. உன் நிலைமையில், தலை இறங்கிய பிறகு என்றால், கப் என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது என் கட்டில்தான் கண்முன் வந்தது. 'கப்' என்று எழுதினால் நான் பொய்க்காரி. 'கத்தி' என்று எழுதினால் நீ இடிந்துபோவாய். எழுதிக் கிழித்துப்போட்டேன். நான் பேசாமல் இருந்தால் நீ படம் எடுக்கப் போகாமல் இருந்துவிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக என்னை நீ அடித்தாலும் தகும்.

போய்ப் படம் எடு. அதில் என்ன வந்தாலும் எனக்கு எழுது. நல்லதாக இருந்தால் என்னைத் திட்டி எழுது.

உன்
அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

போனேன். பாலைக் கொடுத்துத் தூங்கவைத்து, துணியில் பொட்டலம்போல் சுற்றி, ஸ்கேன் மெஷினின் இரும்புக் குழாய்க்குள் அனுப்பினார்கள். இளம் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் காட்டினார். பழையதில் பின்மண்டையில் வெள்ளையாக ஒரு கீற்று. புதியதில் அந்த இடம் சும்மா இருக்கிறது. நானும் குனிந்து குனிந்து தேடினேன். கோடு இல்லை, அக்கா.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தால் சாவி போடமுடியவில்லை. வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார். என்னிடம் கற்றுக்கொண்டு இரண்டு தடவை ஃபெயில் ஆன மனுஷன். அவ்வளவு அழகாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், என் விஷயத்தை மட்டும். இடிந்து உட்காருவாள் என்று பார்த்தால் பொட்டுக்கூட அசையவில்லை. "உன்னை இடுக்கி போட்டுத்தான்டி எடுத்தாங்க. ரெண்டு மாசம் உன் தலை கோணலாவே இருந்துச்சு. அப்ப எவன் படம் எடுத்தான்?" என்கிறாள். ஆக, எனக்கு ஏதோ இருந்திருக்கும் என்று நீ எழுதியது சரிதான். உன் விஷயத்தை நீயே அவளிடம் சொல், அவள் காதுக்கு ஸ்பீக்கர் வேண்டும், அதனால் ஊருக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகும்.

கத்தி விஷயத்தில் உன்னைக் கடுமையாகக் கேட்டுவிட்டேன். உன் பயத்தை நீ எனக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டேன். பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்துக் காலைச் சுரண்டியவளுக்கா பயம் புரியாது? இனி அதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். செப்டம்பரில் நானும் கொண்டையும் அம்மாவும் அங்கே இருப்போம்.

உன்
வாலு

*

செப்டம்பர் 12, நான்காம் மாடி

வாலு, ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன். குழந்தைகள் வார்டுக்குள் போனை விடமாட்டார்கள், எனக்குத் தெரியாததா. பிள்ளை இருப்பது இரண்டு மாடி கீழே, நான் வேலை செய்த வார்டில், என்னை நாளை வரை எழுந்திருக்க விடமாட்டேன் என்கிறார்கள். மாமாவிடம் கேட்டால் அழுகிறார். உண்மையைச் சொல். மூச்சு வேகம் எப்படி? விலா உள்ளே இழுக்கிறதா? உச்சிக்குழி புடைத்திருக்கிறதா? தலையைத் தொட்டுப் பார்த்து எழுது.

*

இரண்டாம் மாடி

அக்கா, பயப்படாதே. நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமாம், வலி வராமல் எடுத்த பிள்ளைகளுக்கு வருவதுண்டாம், ஓரிரு நாளில் வற்றிவிடுமாம். மூச்சு காலையைவிட இறங்கியிருக்கிறது. விலா இழுப்பு கொஞ்சம்தான். மூக்கில் காற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள், அதைப் பிடுங்குவதிலேயே குறியாக இருக்கிறான். நர்ஸ்கள் எல்லோரும் உன் பிள்ளை என்று ஆள் மாற்றி ஆள் வந்து பார்க்கிறார்கள்.

*

நான்காம் மாடி

தலை?

*

இரண்டாம் மாடி

தலையைப் பார்க்க மறந்தே போய்விட்டேன், அக்கா. இவ்வளவு நேரமும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மூக்கு.